எட்டு சென்சாருக்கும் ஒரே பாட்டில்தான்

பெயிண்ட்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங் போட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை. காலி மைதானம். சுற்றிலும் சுவர் இல்லை, செடி இல்லை, ஆள் இல்லை. ரிவர்ஸ் போட்டேன். முன்பக்கத்திலிருந்து இடைவெளியே இல்லாமல் 'பீ' என்று ஒரு நீள அலறல். திரையில் முன் பம்பரின் நடுவே சிவப்புக் கட்டை. எதையோ முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்கிறது வண்டி. இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெறும் காற்று.

கோட்டிங் சேவையைப் பற்றி எழுதுகிறவர்கள் பளபளப்பில்தான் ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். அதில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நான் எழுத உட்கார்ந்ததே அந்த அலறலுக்காகவும், அதற்கு இரண்டு இடங்களில் எனக்குக் கிடைத்த ஒரே பதிலுக்காகவும்தான்.

வண்டிக்கு இரண்டு வயது, கருநீலம். முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று எட்டு பார்க்கிங் சென்சார். கீழ் கிரில்லுக்குள் ஒரு ரேடார். பின் பம்பரின் இரண்டு மூலைகளிலும் உள்ளே ஒளிந்துகொண்டு, பக்கத்து லேனில் வண்டி வந்தால் சைடு மிரரில் விளக்குப் போடுகிற சின்ன ரேடார்கள் இரண்டு. உள்ளே மிரருக்குப் பின்னால் கேமரா, அதை ஒட்டி மழை சென்சார். கோட்டிங் கடையில் வண்டியை விடும்போது இதையெல்லாம் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. 'சுழல் கீறல் போகணும், பம்பரில் கல் பட்டால் தாங்கணும்', இவ்வளவுதான் கேட்டேன்.

மூன்று நாள் வேலை. கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் க்ளே தேய்த்து, இரண்டு கட்டமாக மெஷின் பாலிஷ் அடித்து, முன் பம்பருக்கும் பானெட்டின் முன்பாதிக்கும் சைடு மிரர்களுக்கும் பிபிஎஃப், அதாவது பெயிண்ட்டைக் காக்கும் தெளிவான ஃபிலிம் ஒட்டி, எல்லாவற்றுக்கும் மேலே செராமிக் கோட்டிங். முதலில் ஃபிலிம், அதற்கு மேல் கோட்டிங் என்ற வரிசையைச் சரியாகவே செய்திருந்தார்கள். போதாததற்கு, கேட்காமலேயே முன் கண்ணாடிக்கு நீர் ஒட்டாத கோட்டிங் ஒன்று. 'இது நம்ம அன்பளிப்பு மேடம்' என்றார் கடைக்காரர். அந்த அன்பளிப்பின் கதை பின்னால் வரும்.

மைதானத்தில் நின்றபடியே கடைக்குப் போன் போட்டேன்.

"செராமிக் போட்டா சென்சார் கொஞ்ச நாள் அப்படித்தான் மேடம் இருக்கும். ஒரு வாரம் நல்லா காஞ்சு கியூர் ஆகட்டும், தானா செட் ஆயிடும்."

நம்பி இரண்டு நாள் ஓட்டினேன். அதற்குள் முன்பக்கம் போதாதென்று பின்பக்க இடது ஓரச் சென்சாரும் நினைத்தபோது கத்த ஆரம்பித்தது. மூன்றாவதாக, 'பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை வேலை செய்யவில்லை' (பக்கத்து லேன் வண்டிக்கு மிரரில் எரியும் அந்த விளக்குதான்) என்று ஒரு மஞ்சள் வரி வந்து, வண்டியை அணைத்துப் போட்டதும் காணாமல் போனது. வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் பம்பரை ஒரு பார்வை பார்த்தார், குனியக்கூட இல்லை.

"வெளியில கோட்டிங் போட்டிருக்கீங்கல்ல? அதான். சென்சார் மாத்த வேண்டியிருக்கும். வாரண்டியில வராது மேடம்."

போட்டவரும் கோட்டிங் என்கிறார், போடாதவரும் கோட்டிங் என்கிறார். ஒருவருக்கு அது பொறுத்திருக்கச் சொல்ல வசதி, இன்னொருவருக்கு கையை உதற வசதி. கோட்டிங் வாயில்லாப் பூச்சி, திருப்பிப் பேசாது.

எனக்கு இதில் கொஞ்சம் கூடுதலாகவே எரிச்சல் வந்ததற்கு என் தொழில் காரணம். பதினாறு வருடமாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பவள் நான். ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டுப் படம் பார்ப்பதுதான் பிழைப்பு. என் மெஷின் மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது, பார்க்கிங் சென்சார் 40 முதல் 58 கிலோஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓர் அலைவரிசையில் பேசுகிறது, குடும்பம் ஒன்றுதான். உடலில் வைக்கும் புரோபில் படம் சரியாக வராவிட்டால் 'ஜெல்லால் அப்படி' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு நான் போக முடியாது. எந்த இடத்தில் வரவில்லை, எந்தக் கோணத்தில் வருகிறது என்று பார்ப்பேன். இங்கேயும் அதையே பார்த்தேன்.

எட்டு சென்சாருக்கும் ஒரே பாட்டிலிலிருந்துதான் கோட்டிங் போயிருக்கிறது. அதில் ஐந்து ஒழுங்காக இருக்கின்றன. கத்துவது மூன்று. ஒரே மருந்தை எட்டுப் பேர் குடித்து மூன்று பேருக்கு மட்டும் வயிற்றுவலி என்றால், மருந்தைத் திட்டுவதற்கு முன்னால் அந்த மூன்று பேர் தனியாக வேறென்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

கனத்தை எடுத்துக்கொண்டாலும் கோட்டிங் நிரபராதிதான். காய்ந்தபின் செராமிக் கோட்டிங்கின் கனம் சுமாராக ஒரு மைக்ரான், மிஞ்சினால் சில மைக்ரான். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான், பசையோடு சேர்த்து. சென்சார் முகத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயிண்ட் மேல் கோட்டிங் சேர்க்கும் சுமை தூசிக்குச் சமம். ஃபிலிம் அப்படியில்லை. ஒரு கம்பளியைப் போர்த்துவது போல.

சந்தேகம் பிறந்ததும் முதலில் செய்தது கண்ணால் பார்ப்பது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் பம்பருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மொபைல் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன். முன் ஓரச் சென்சார்கள் இரண்டையும் சுற்றி ஃபிலிமில் வட்டமாக ஓட்டை வெட்டியிருந்தது. நடுவில் இருந்த இரண்டின் மேல் வெட்டவில்லை. நம்பர் பிளேட் பகுதிக்கென்று தனியாக ஒட்டிய துண்டு, இரண்டையும் மூடிக்கொண்டு போயிருந்தது. ஃபிலிம் அவ்வளவு தெளிவு. நேராகப் பார்த்தால் தெரியவே தெரியாது. வேலை சுத்தமாக இருந்ததே வினையாகிவிட்டது. நடு வலதுச் சென்சாரின் மேல் மட்டும், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு காற்றுக்குமிழ்.

அந்தக் குமிழைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் வேலையில் ஜெல் தடவுவது எதற்கு? புரோபுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருக்கக்கூடாது என்பதற்காக. மயிரிழை இடைவெளியில் காற்று நின்றாலும் ஒலி உள்ளே போகாது, ஏறக்குறைய மொத்தமும் திரும்பி வந்துவிடும். இங்கே சென்சார் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் அதே காற்றை அழகாக அடைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்து காது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினைப் போடாமல் இக்னிஷன் மட்டும் ஆன் செய்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் பிரேக் மிதித்து ரிவர்ஸ் கியரில் உட்கார வேண்டும். மிதிக்கிறவர் நம்பிக்கையான ஆளாக இருக்கட்டும்; பம்பருக்கு முன்னால் நிற்கப்போவது நாம். என் தம்பி உட்கார்ந்தான். நான் ஒவ்வொரு சென்சார் முகத்திலும் விரல் நுனியை லேசாக வைத்துப் பார்த்தேன். உயிரோடிருக்கும் சென்சார் விரலில் நுணுக்கமாகத் துடிக்கும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையை முகத்தருகில் பிடித்து மறுமுனையைக் காதில் வைத்தால் 'டிக் டிக் டிக்' கேட்கும். மனிதக் காதுக்கு எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். அதனால் நாம் கேட்பது அந்த அல்ட்ராசோனிக் ஒலியை அல்ல, துடிப்பு ஒவ்வொன்றும் தொடங்கும்போது எழும் சொடக்கை. ஆறு சென்சார்களில் சொடக்கு தெளிவு. முன் நடுவில் இரண்டிலும் அது தலையணைக்கு அடியிலிருந்து வருவது போல மங்கல். எதுவும் சாகவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. சென்சாரை மாற்றச் சொன்ன அட்வைசர் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் போதும்.

மூன்றாவது, தம்பி கொண்டுவந்த ஓபிடி ஸ்கேனர், வண்டியில் செருகி அதன் கம்ப்யூட்டர்களைப் படிக்கிற கருவி. மலிவான ஸ்கேனர்கள் எஞ்சினை மட்டும் படிக்கும். பார்க்கிங் கண்ட்ரோல் யூனிட் வரைக்கும் போகிற ஸ்கேனர் வேண்டும். லைவ் டேட்டாவில் ஒவ்வொரு சென்சாரும் எத்தனை சென்டிமீட்டர் தூரம் சொல்கிறது என்று வரும். காலி மைதானத்தில் மற்றவை 'எதிரில் ஒன்றுமில்லை' என்று அதிகபட்ச எண்ணில் நிற்க, நடு இரண்டும் 30-க்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தன. சில வண்டிகளில் இன்னொரு எண்ணும் கிடைக்கும்: அதிர்ந்த முகம் அடங்க எடுக்கும் நேரம். என் வண்டியில் அது இருந்தது. முன் ஓரம் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டிய எண்கள். நடு இரண்டும் இனம் பிரிந்து நின்றன. சரியான எண் எது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூடப்பிறந்ததோடு ஒப்பிட்டாலே போதும்.

அந்த அடங்கும் நேரம்தான் இந்த வழக்கின் முக்கியச் சாட்சி. பார்க்கிங் சென்சாரில் வாயும் காதும் ஒன்றுதான். மெல்லிய உலோக முகம் ஒன்று, அதிர்ந்து ஒலியை அனுப்பும், பிறகு அடங்கி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும். மணி அடித்தபின் சற்று நேரம் ரீங்காரம் இருப்பது போல, அதற்கும் உண்டு. ரீங்காரம் ஓயும்வரை அதற்குக் காது கேட்காது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். போய்வரும் கணக்கில் பாதி, 17 சென்டிமீட்டர். அடங்க ஒரு மில்லிசெகண்டு ஆனால், 17 சென்டிமீட்டருக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. இந்த ரீங்காரம் பம்பருக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காகவே சென்சாரின் முகத்தைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம் வைத்திருக்கிறார்கள். முகம் தனி, பம்பர் தனி. ஃபிலிமை மேலே இழுத்து ஒட்டினால் என்னாகும்? முகத்தையும் பம்பரையும் ஒரே தோலால் கட்டிப்போட்டது போல. அதிர்வு பம்பருக்குள் ஓடி, மெதுவாக அடங்கி, திரும்பி வரும். சென்சார் அதைக் கேட்டு, 'மூக்குக்கு முன்னால் ஏதோ நிற்கிறது' என்று அலறும். அது பொய் சொல்லவில்லை. தன் குரலையே இன்னொருவர் குரல் என்று நினைத்துக்கொள்கிறது.

இதைக் கியூரிங் சரிசெய்யாது. ஒரு வாரம் அல்ல, ஒரு வருடம் காத்திருந்தாலும் ஃபிலிம் ஃபிலிம்தான்.

பின் இடது ஓரத்தில் ஃபிலிமே கிடையாது. அதன் கதை வேறு. பாலிஷ் அடிக்கும்போது தெறித்த காம்பவுண்ட் (பாலிஷ் பசை), முகத்துக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய் உட்கார்ந்து, வெள்ளையாகக் காய்ந்து, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. அதுவும் அதே வேலையைத்தான் செய்யும்: முகத்தையும் பம்பரையும் இணைத்துவிடும். கூடவே, சாய்த்துப் பார்த்தபோது அந்தச் சென்சார் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே தள்ளியிருந்தது. பாலிஷ் மெஷினின் பேட் அழுத்தியிருக்கலாம். இதை நானே சுத்தம் செய்தேன். மிருதுவான பல்துலக்கும் பிரஷ், ஷாம்பூ கலந்த தண்ணீர், பொறுமை. ஊசி, கத்தி, பிளேடு எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முகத்துப் பெயிண்ட்டில் கீறல் விழுந்தால் அதன் வழியாக ஈரம் இறங்கி, கொஞ்ச நாளில் பெயிண்ட் உரியத் தொடங்கும், அப்போது நிஜமாகவே சென்சாரை மாற்ற வேண்டிவரும். பிரஷர் வாஷரைக் கிட்டப் பிடித்து அடிப்பதும் வேண்டாம். காய்ந்த காம்பவுண்ட் போனதும் கத்தல் முக்கால்வாசி நின்றது.

அந்த மஞ்சள் வரி இருக்கிறதே, பிளைண்ட் ஸ்பாட், அதுதான் என்னை அதிகமாக அலைக்கழித்தது. கடைசியில் அதில் யார் மேலும் பெரிய தப்பில்லை. ஸ்கேனரில் பிழைக் குறியீடு பதிவான தேதியைப் பார்த்தால், வண்டி கடைக்குள் இருந்த இரண்டாம் நாள். பதிவான நேரத்தில் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கும் கீழே. மூன்று நாள் கதவைத் திறந்து திறந்து மூடி, உள்விளக்கு எரியவிட்டு வேலை செய்திருக்கிறார்கள், பேட்டரி இறங்கியிருக்கிறது. மின்சாரம் குறைந்தால் வண்டியின் கண்ட்ரோல் யூனிட்கள் ஒன்றையொன்று காணோம் என்று புகார் எழுதி வைத்துக்கொள்ளும். குறியீடுகளை அழித்தோம். ஐந்து வாரம் ஆகிறது, திரும்பி வரவில்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம். எனவே ஸ்கேனர் கையில் கிடைத்ததும் முதல் வேலை: இருக்கிற குறியீடுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அழித்துவிட்டு, மறுபடி எது வருகிறது என்று பார்ப்பது. திரும்பி வருகிறதுதான் உண்மையான நோய்.

ரேடாரைப் பற்றியும் பயமுறுத்துகிறார்கள், அதனால் சொல்கிறேன். முன் ரேடார் 77 கிலோஹெர்ட்ஸ் அல்ல, 77 கிகாஹெர்ட்ஸ். ஒலி அல்ல, ரேடியோ அலை. அலைநீளம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மைக்ரான் கோட்டிங் அதன் கண்ணுக்கே தெரியாது. அதைத் தொந்தரவு செய்வது அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் பெயிண்ட்டைத் திரும்பத் திரும்ப அடித்த கனம், பம்பரின் பள்ளத்தை நிரப்ப அடைத்த பட்டி, ஃபிலிமுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர். எல்லாவற்றையும்விட மோசமானது கோணம். பம்பரைக் கழற்றி மாட்டும்போது ரேடாரின் பிராக்கெட் ஒரு டிகிரி திரும்பினால், 100 மீட்டருக்கு அப்பால் அது பார்க்கும் இடம் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப்போகும். உங்கள் முன்னால் போகும் வண்டியை விட்டுவிட்டு, பக்கத்து வரிசை வண்டிக்காக பிரேக் அடிக்க அது போதும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த கோட்டிங் போட்டீர்கள்' என்பது அல்ல, 'பம்பரைக் கழற்றினீர்களா' என்பது. கழற்றியிருந்தால் கேலிபரேஷன், அதாவது பார்வைக் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது, செய்துவிடுவது நல்லது. என் வண்டியில் கழற்றவில்லை என்றார்கள். பம்பரின் திருகுத் தலைகளில் படிந்திருந்த பழைய தூசியும் அப்படித்தான் சொன்னது.

இங்கே கடைக்கு ஒரு பாராட்டு உண்டு. ரேடார் மூடியின் மேல் ஃபிலிம் ஒட்டாமல் விட்டிருந்தார்கள். என் வண்டியின் கையேடு, அந்த இடத்தில் நிறமில்லாத தெளிவான ஸ்டிக்கர்கூட ஒட்டக்கூடாது என்கிறது. அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் அரை அடி தள்ளியிருந்த சென்சார்களை எப்படி மறந்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இனி அன்பளிப்பின் கதை. முன் கண்ணாடியில் நீர் ஒட்டாத கோட்டிங் போட்டபின், வைப்பர் ஆட்டோவில் பைத்தியம் பிடித்தது போல நடந்துகொண்டது. தூறலில் சும்மா இருக்கும். திடீரென்று நான்கு முறை விசிறும். மழை சென்சார் மழையைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்குள் சாய்வாக அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் ஒளி மொத்தமும் பிரதிபலித்துத் திரும்பும். துளி ஒட்டியிருக்கும் இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். திரும்பும் ஒளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மழை என்று கணக்கு. கோட்டிங் போட்ட கண்ணாடியில் துளி பரவாது, முத்துப் போல உருண்டு, தொடும் பரப்பு சுருங்கி, காற்று வேகத்தில் ஓடிவிடும். சென்சாருக்கு மழை குறைவாகவே தெரியும். சரி, கோட்டிங்கை முழுதாகக் குற்றம் சாட்டக்கூடிய ஒரே இடம் இதுதான். இதைக்கூட வைப்பரின் உணர்திறன் பொத்தானை ஒரு படி ஏற்றிச் சமாளித்திருப்பேன். ஆனால் போட்டவர்கள் சரியாகத் துடைத்தெடுக்காததால் மேல்பகுதியில் ஒரு புகைமூட்டம் காய்ந்து நின்றது. அது சரியாகக் கேமராவுக்கு முன்னால். காலையில் சூரியனுக்கு எதிராகப் போனால் 'கேமரா பார்வை மறைக்கப்பட்டுள்ளது' என்று, வண்டியை லேன் கோட்டுக்குள் வைக்க உதவும் லேன் உதவி அணைந்துவிடும். பத்து மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்யும். நேரம் பார்த்து வருகிற நோய் என்றால் வெளிச்சக் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்க மூன்று காலைகள் ஆயின.

ஆறாம் நாள் வண்டியோடு கடைக்குப் போனேன். போன தடவை 'தானா செட் ஆயிடும்' என்ற கடைக்காரர், பக்கவாட்டு வெளிச்சத்தில் குமிழைப் பார்த்ததும் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு பிளேடை எடுத்தார். "இப்பவே சுத்தி வெட்டி எடுத்துடறேன் மேடம், அஞ்சு நிமிஷம்."

"சென்சார் மேல பிளேடு வைக்காதீங்க. அந்தத் துண்டையே எடுத்துட்டு வேற ஒட்டுங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு துண்டு ஃபிலிமும் ஒரு நாள் கூலியும் போகிற விஷயம். உள்ளேயிருந்து வந்த பையன்தான் தீர்த்துவைத்தான். "அக்கா சொல்றது சரிதாண்ணே. வெட்டும்போது முகத்துல கோடு விழுந்தா நம்ம தலையிலதான் வரும்." சாஃப்ட்வேரில் வண்டி மாடலைத் தேடி, சென்சார் ஓட்டைகளோடு டெம்ப்ளேட் வெட்டி, பழைய துண்டைச் சூடுகாட்டி மெதுவாக உரித்து, முகத்தில் மிஞ்சிய பசையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, புதியதை ஒட்டினான். ஓட்டை, சென்சாரின் முகத்தைவிடச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பெரிது. அந்த இடைவெளிதான் முக்கியம். முதல் தடவை நடுத்துண்டை மட்டும் டெம்ப்ளேட் இல்லாமல் கையால் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், சாயங்காலம் அவசரமாம். அதை ஒளிக்காமல் சொன்னதற்காக அந்தப் பையனுக்கு என் மரியாதை.

கண்ணாடிக்கும் அவனே. ஆல்கஹாலில் போகவில்லை, இறுகிவிட்டது. கண்ணாடி பாலிஷை, மெஷின் இல்லாமல், கையால், கேமராவுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தேய்த்தான். மெஷின் வேண்டாம் என்று நானும் சொன்னேன். ஓர் இடத்தில் அதிகமாகத் தேய்த்தால் கண்ணாடி மெல்லக் குழிந்து, லென்ஸ் மாதிரி படத்தை வளைக்கும். பிறகு கேமரா பார்க்கும் கோடு ஒன்று, சாலையில் இருக்கும் கோடு வேறு. புகைமூட்டம் போனது. காலைத் தகராறும் போனது. கேமராவைத் தொடவில்லை, கண்ணாடியை மாற்றவில்லை, அதனால் கேலிபரேஷன் தேவைப்படவில்லை.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவர்கள் எதிரிலேயே வெட்டவெளியில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டேன். அமைதி. பையன் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பம்பரைச் சுற்றி மெதுவாக நடந்தான். திரையில் கட்டைகள் ஒவ்வொன்றாக அவனோடு நகர்ந்தன. எட்டும். இந்த நடைக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை. முதல் நாளே யாராவது இப்படி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பளபளப்புக்கு வருகிறேன். கோட்டிங் அருமை. கருநீலத்தில் இப்போது ஆழம் தெரிகிறது, சுழல் கீறல் தொண்ணூறு சதவீதம் போய்விட்டது. அது பாலிஷின் வேலை, கோட்டிங்கின் வேலை அல்ல. கோட்டிங் அதைப் பூட்டி வைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் உருண்டோடுகிறது, கழுவும் நேரம் பாதியாகிவிட்டது. ஆனால் வெயிலில் துளியைக் காயவிட்டால் உப்புக்கறை படிகிறது, முன்பைவிடத் தெளிவாகவே. '9ஹெச் கடினம்' என்று பாட்டிலில் போட்டிருப்பதைப் பார்த்துக் கல்லுக்குத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல்லுக்கு ஃபிலிம்தான். ஃபிலிமும் தன் வேலையைச் செய்கிறது: நெடுஞ்சாலைப் பயணம் ஒன்றில் பம்பரில் பட்டென்று கேட்டது, இறங்கிப் பார்த்தால் ஒரு சிறு பள்ளம், வெயிலில் அதுவும் மறைந்துவிட்டது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் ஒரே எண்ணாகச் சொல்ல முடியவில்லை. பொருளுக்கு நான்கரை. கைவேலைக்கு மூன்று. வண்டியை ஒப்படைக்கும்முன் சோதித்ததற்கு ஒன்று, அதுவும் ரேடாரை விட்டுவைத்ததற்காக. திரும்பப் போனபோது நடத்திய விதத்துக்கு நான்கு; அந்தப் பையன் மட்டும் இருந்திருந்தால் ஐந்து. அந்த சர்வீஸ் அட்வைசருக்கு எண் போடுகிற இடம் இது இல்லை.

பின் இடது ஓரம் இன்னும் முழுதாக வழிக்கு வரவில்லை. உள்ளே தள்ளியிருந்ததைப் பையன் பிடித்து 'டிக்' என்று உட்காரவைத்தான். சாதாரண நாட்களில் சத்தமே இல்லை. கனமழையில் மட்டும் ஒன்றிரண்டு தடவை காரணமில்லாமல் கத்துகிறது. சிலிகான் வளையம் ஒரு பக்கம் முறுக்கியிருப்பது போலத் தெரிகிறது, அந்த இடுக்கில் தண்ணீர் நிற்கிறது. வளையம் தனியாகவே கிடைக்கிறதாம். வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த சர்வீஸில் மாற்றச் சொல்ல வேண்டும்.